ஒரு மணி நேரப் பரதேசிகள்

"என் பாஸ்போர்ட்டைக் குடுத்துடுங்கம்மா. அடுத்த வாரம் பொண்ணுக்குப் பிரசவம். மருமகன் டிக்கெட் எடுத்துட்டாரு," என்றாள் சமையல்காரி. கேட்பது இது மூன்றாம் தடவை.

பேராசிரியை அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பீரோச் சாவி அவருடைய கைப்பையில் கிடந்தது. சமையல்காரி கடல் கடந்து வேலைக்கு வந்த அன்றே, "என்கிட்ட பத்திரமா இருக்கட்டும்" என்று பாஸ்போர்ட்டை வாங்கி அந்த பீரோவில் பூட்டியது. நாலு வருஷமாக ரொம்பப் பத்திரமாகத்தான் இருக்கிறது. அந்தத் தெருவில் வெளிநாட்டு ஆள் வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம்.

"கிளாஸ் முடியட்டும், பாக்கலாம். நீயும் கூட வா. நீ பட்ட கஷ்டத்தைப் பசங்ககிட்ட சொல்லு. கொஞ்சம் உருக்கமா சொல்லு."

"குடுத்துடேன், பாவம்," என்றார் கணவர்.

"போனா திரும்பி வருவாளா? அப்புறம் நீங்க சமைப்பீங்களா?"

கணவர் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். அவருக்கு இரக்கம் உண்டு; சமைக்கத்தான் வராது.

அன்றைய பாடம், பிழைப்புக்காக நாடு விட்டு நாடு போனவர்களின் துயரம். புத்தகத்தில் படித்தால் மண்டையில் ஏறாதாம். மனசு வலிக்க வேண்டுமாம். அதனால் மாணவர்கள் தங்கள் அடையாள அட்டையையும் போனையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டார்கள். அம்மாள் அதைப் பூட்டிவிட்டு, குடியேற்ற அதிகாரியாக உட்கார்ந்து, "யாரு நீ? எதுக்கு வந்தே? காகிதம் எங்கே?" என்று ஒவ்வொருவராக அதட்டினார். அதட்டுவதற்கு அவர் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் விம்மிவிட்டார்கள். "அம்மாவுக்குக் கூட போன் பண்ண முடியல மேடம். நான் யாருமே இல்லாதவளாயிட்டேன்," என்று மூக்கைச் சிந்தினாள் ஒரு மாணவி. காலையில்தான் அந்த அம்மா அவளைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தாள். பேராசிரியை அம்மாளுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. அழுதவர்களுக்கு மதிப்பெண்ணும் உண்டு.

பெட்டியைத் திறந்தார். "வந்து எடுத்துக்குங்க. ஒருத்தரோட காகிதத்தை இன்னொருத்தர் பூட்டி வைக்கிறது எவ்வளவு கொடுமைன்னு இப்பப் புரியுதா?"

புரிந்தது என்று எல்லாரும் தலையாட்டினார்கள். முண்டியடித்துக்கொண்டு அவரவருடையதை எடுத்தார்கள். மூலையில் நின்ற சமையல்காரியை அம்மாள் முன்னால் அழைத்தார்.

"இவ எங்க வீட்டுல ஒருத்தி மாதிரி. வெட்கப்படாம சொல்லும்மா."

சமையல்காரி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். காலியாக இருந்தது.

"இவங்களோடது எல்லாம் குடுத்துட்டீங்க. என்னோடது நாலு வருஷமா உங்க பீரோவுல இருக்கு. பொண்ணு அங்க வலி எடுத்துக் கிடப்பா, நான் இங்க சோறு வடிச்சுக்கிட்டு இருக்கணுமா? சாவியை இப்பவே குடுங்கம்மா." கையை நீட்டினாள்.

வகுப்பு ஒரு கணம் திகைத்தது. பிறகு, இதுவும் பாடத்தில் ஒரு பகுதி என்று எண்ணி, மூக்கைச் சிந்திய அந்த மாணவி கைதட்டினாள். எல்லாரும் தட்டினார்கள். முகம் வெளிறிப்போன அம்மாளும் வேறு வழியில்லாமல் தட்டினார்.

ஓயட்டும் என்று சமையல்காரி பொறுத்திருந்தாள். நீட்டிய கையை மட்டும் இறக்கவில்லை.

"தட்டினது போதும்மா," என்றாள். "சாவி."