ஈவில்லாத பங்கு

மூக்கண்டப்பள்ளியில் இருந்த பம்ப் தொழிற்சாலை விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பியபோது, கையில் வந்த பணத்தில் பாதியைச் சுஜாதா குந்தாணி ஃபைனான்ஸின் பங்குகளில் போட்டாள். ஓசூர்ப் பக்கம் பைக்குக்கும் லோடு ஆட்டோவுக்கும் கடன் கொடுக்கும் சின்ன நிறுவனம். பங்கு விலை பெரிதாக ஏறாது, ஆனால் வருடம் தவறாமல் லாபத்தின் ஈவாக டிவிடெண்ட் வரும் என்று கேள்விப்பட்டுத்தான் வாங்கினாள். முதல் இரண்டு வருடம் வந்தது. பிறகு பழைய சேர்மனின் மகன் விமல்ராஜ் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார், டிவிடெண்ட் நின்றுபோனது. லாபம் மட்டும் கூடிக்கொண்டே இருந்தது.

அவள் கணவன் முனிவேலின் லோடு ஆட்டோவும் அதே நிறுவனத்தின் கடனில் வாங்கியதுதான். பங்கு வைத்திருக்கிற இடம், மரியாதையாக நடத்துவார்கள் என்று அவள்தான் அங்கே கூட்டிப்போனாள். அவனுக்கு முதுகுவலி வந்து சில வாரம் படுத்ததில் இரண்டு தவணை தவறியது. எழுந்து வண்டியை எடுத்த வாரமே, ராயக்கோட்டை ரோட்டில் தக்காளி லோடோடு ஃபைனான்ஸ் ஆட்கள் மடக்கினார்கள். பெட்டிகளை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு வண்டியை ஓட்டிப்போய்விட்டார்கள்.

சுஜாதா கிளை அலுவலகத்துக்கு ஓடினாள். மேனேஜர் தினேஷ்குமார் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சார், நான் உங்க கம்பெனில பங்கு வச்சிருக்கேன். டிவிடெண்ட் ஒழுங்கா குடுத்திருந்தா நான் டியூவக் கட்டியிருப்பேனே."

"பங்கு வேற, வண்டி வேறக்கா. அதெல்லாம் ஹெட் ஆபீஸ்ல கேளுங்க. இங்க டியூ மட்டுந்தான்."

ஆண்டுப் பொதுக்கூட்டம் பாகலூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வழக்கமாக டிபன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறவள், இந்தமுறை முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் பாகலூரில் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் திம்மப்பன். அவரும் அவளைப் போலச் சின்னப் பங்குதாரர்.

விமல்ராஜ் திரையில் படம் காட்டிப் பேசினார். புதிய கிளைகள், வளர்ச்சி, சாதனை லாபம். கேள்வி நேரம் வந்ததும் சுஜாதா எழுந்தாள். மைக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"இவ்ளோ லாபம்னு சொல்றீங்க. எங்களுக்கு ஏங்க ஒண்ணும் தர்றதில்ல?"

"லாபத்த வெளிய எடுக்காம உள்ளயே வச்சாத்தான்மா கம்பெனி வளரும். உள்ள இருந்தாலும் அது உங்க பணந்தான்."

"என் பணம்னா என் வீட்டுக்காரர் டியூவுக்கு அதுல எடுத்துக்க வேண்டியதுதானே? எதுக்கு வண்டியத் தூக்கினீங்க?"

மண்டபம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"உங்க சம்பளத்தக் கூட்டணும்னு இன்னிக்குத் தீர்மானம் வச்சிருக்கீங்க. அதுக்கு மட்டும் லாபம் வெளிய வருதுங்களா?"

கைதட்டல் எழுந்தது. விமல்ராஜ் புன்னகை மாறாமல், திருப்தி இல்லாதவர்கள் பங்கை விற்றுவிட்டுப் போகலாம் என்றார். திம்மப்பன் எழுந்து, டிவிடெண்ட் வேண்டும் என்று இப்போதே ஓட்டெடுப்பு வைக்கச் சொன்னார். கம்பெனி செக்ரட்டரியான ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள்: டைரக்டர்கள் சிபாரிசு செய்த டிவிடெண்டைக் கூட்டம் குறைக்கலாம், கூட்டவோ, இல்லாததைக் கொண்டுவரவோ முடியாது. சட்டம் அப்படி.

"அப்ப எங்கள எதுக்குக் கூப்புட்டீங்க?" என்று கேட்டாள் சுஜாதா.

பதில் வருவதற்குள் பின்னால் டிபன் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கைதட்டியவர்களில் பாதிப்பேர் எழுந்து போனார்கள். சம்பளத் தீர்மானத்துக்கு எதிராக அவளும் திம்மப்பனும் ஓட்டுப் போட்டார்கள். பெரும்பாலான பங்குகள் சேர்மன் குடும்பத்திடம். இரண்டு நாளில் முடிவு வெளியானது. தீர்மானம் சுலபமாக நிறைவேறியிருந்தது.

"சரி, அவரு சொன்னபடியே வித்துடலாம்" என்றான் முனிவேல். விற்பதும் சுலபமாக இல்லை. அவள் வாங்கிய விலைக்கு வாங்க ஆளே இல்லை. தினமும் போனைப் பார்த்து, விலையை இறக்கி இறக்கி, கடைசியில் அடிமாட்டு விலைக்குத் தள்ளினாள். வந்த பணமும் அப்படியே குந்தாணி ஃபைனான்ஸுக்கே போனது: பாக்கித் தவணை, அபராத வட்டி, வண்டியைத் தூக்கிய செலவு, நிறுத்தி வைத்ததற்கு வாடகை. தினேஷ்குமார் ரசீது கொடுத்து, "இனிமே டியூ லேட் பண்ணாதீங்கக்கா" என்றான். அவள் ரசீதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

தூக்கிய வண்டிகளை நிறுத்தும் யார்டில் வண்டி மழையில் நனைந்து கிடந்தது. முனிவேல் சாவியைத் திருப்பினான். பேட்டரி செத்திருந்தது.

"எல்லாத்தையும் வித்துட்டியா?" இறங்கி வந்து கேட்டான்.

"பத்து பங்கு வச்சிருக்கேன்."

"அத வச்சி என்ன பண்ணப் போற?"

"ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் கூட்டத்துல உள்ள விட்டாகணும். அடுத்த வருசமும் கேப்பேன். திம்மப்பண்ணன் இன்னும் நாலு பேரக் கூட்டியாறேன்னாரு."

"கேட்டா மட்டும் குடுத்துருவானா?"

"குடுக்க மாட்டான். அதுக்குன்னு வாய மூடிட்டு இருக்கச் சொல்றியா?"

அவன் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தான். சுஜாதா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் போய் வண்டியைத் தள்ளினாள்.