மாதம்தோறும் குங்குமம்

இந்த மாதம் வராது. போன மாதத்தோடு நின்றிருக்கும். ‘அடுத்த மாதம் வராது’ என்று அந்தப் பெண் போனில் அத்தனை உறுதியாகச் சொன்னாளே, லைன் அறுவதற்கு முன்னால். அப்படியே வந்தாலும் நான் கதவைத் திறக்கப் போவதில்லை. கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

“காக்! பார்சல்!”

மாதவி போய்க் கதவைத் திறந்தாள்.

இரும்பு கிரில்லுக்கு அந்தப் பக்கம் கூரியர்காரர் நின்றிருந்தார். செந்தூலின் இந்த அடுக்குமாடிக்கு மாதாமாதம் வந்து பழகிய மலாய்க்காரர். ஆரஞ்சு நிறப் பெட்டியைக் கம்பிகளுக்கிடையே சாய்த்து நீட்டிவிட்டு, “தெரிமா காசே காக்,” என்று அக்காவுக்கு மலாயில் நன்றி சொல்லிச் சிரித்தபடி லிஃப்டை நோக்கி ஓடினார். பெட்டிக்குள் வளையல்கள் மெல்லச் சிணுங்கின.

“யாரு மாதவி?” சமையலறையிலிருந்து தங்கமணியின் குரல் வந்தது. மாதவியின் கணவர் லோகனின் அக்கா. அடுத்த ஞாயிறு தம்பிக்கு வருஷத் திதி. அதற்கு வேண்டியதையெல்லாம் எடுத்துவைக்கக் கிள்ளானிலிருந்து காலையிலேயே கொம்யூட்டர் ரயில் ஏறி வந்திருந்தாள்.

“ஒண்ணுமில்ல அண்ணி. ஆன்லைன்ல ஒரு சாமான் சொல்லியிருந்தேன்.”

“இந்தக் காலத்துல உப்பு புளி கூட வாசலுக்கு வருது. எங்க ஊட்டு மருமக பச்ச மொளகாய்க்கே பைக்குக்காரன வரச் சொல்றா. சரி, சாம்பிராணி எங்கலா வச்சிருக்க?”

“சின்க் பக்கத்து அலமாரில அண்ணி… மேல இல்ல, கீழ…”

மாதவி சொல்லி முடிப்பதற்குள் மேல் கதவு திறந்துவிட்டது. மாதவி கையில் பெட்டியோடு சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். தங்கமணி அலமாரியைப் பார்த்தாள். திரும்பி, மாதவியின் கையைப் பார்த்தாள். அலமாரிக்குள் அதே ஆரஞ்சு நிறத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக, பிரிக்காத பெட்டிகள்.

தங்கமணி ஒன்றை இறக்கிப் பிரித்தாள். சின்னப் பொட்டலத்தில் குங்குமம். ஒரு மஞ்சள் கிழங்கு. பச்சைக் கண்ணாடி வளையல். சுற்றி வைத்த மஞ்சள் கயிறு. அடியில் ஓர் அட்டை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு தங்கமணி எழுத்துக் கூட்டிப் படித்தாள். “உங்கள் கணவர் திரு. லோகன், கேட்டை நட்சத்திரம், நீடூழி வாழ…”

மேலே படிக்காமல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

“யாருலா உனக்கு இந்த வேலைய செஞ்சது?”

“யாருமில்ல அண்ணி. நான்தான்.”

அவளேதான். லோகன் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி அந்தச் செயலியைக் காட்டினாள். கணவன் பெயர், நட்சத்திரம் கொடுத்தால் கோயிலில் அர்ச்சனை செய்து, அதைப் படம் பிடித்து அனுப்புவார்கள். மனைவிக்குக் குங்குமம் வீட்டுக்கே வரும். திட்டத்தின் பெயர் ‘தீர்க்க சுமங்கலி’. மாதவி நின்றபடியே எல்லாவற்றையும் நிரப்பினாள். ‘ஒவ்வொரு மாதமும் தொடரட்டும்’ என்ற கட்டத்தில் ஏற்கெனவே சரிக்குறி போடப்பட்டிருந்தது. கணவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது கண்ணில் பட்டிருந்தாலும் எடுத்திருக்க மாட்டாள். தொடரட்டும் என்பதைத் தவிர அன்றைக்கு அவளுக்கு வேறு வேண்டுதல் என்ன இருந்தது?

லோகனிடம் சொன்னபோது, கோணிப்போன வாயோடு சிரித்தார். “சாமிக்கும் ஆட்டோ டெபிட்டா மாது?” என்று குழறினார். அவர் அவளைச் சிரிக்க வைத்தது அதுதான் கடைசி.

அவர் போன அடுத்த மாதம்தான் முதல் பெட்டி வந்தது. பதினாறாம் நாள் சடங்கு முடிந்து, நெற்றியில் எதுவும் இல்லாமல் அவள் கதவைத் திறந்தபோது.

அன்றே நிறுத்தத்தான் உட்கார்ந்தாள். ‘இல்லை, தொடர்கிறேன்’ என்ற பொத்தான் காவி நிறத்தில் பெரிதாக இருந்தது. ‘நிறுத்து’ என்பது அதன் காலடியில் சாம்பல் நிறத்தில், பார்வை மங்கியவர்களுக்குத் தெரியாத அளவில். அதை அழுத்தினால் காரணம் கேட்டது. வேண்டுதல் நிறைவேறிவிட்டது. கட்டணம் கட்டுப்படியாகவில்லை. வேறு ஊர் செல்கிறோம். இவற்றில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். மாதவி நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு ‘வேறு ஊர்’ என்பதைத் தொட்டாள். உடனே பதில் வந்தது: உங்கள் கணவரின் புதிய முகவரியைத் தாருங்கள், எங்கிருந்தாலும் பிரசாதம் வந்து சேரும்.

போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

பிறகு மின்னஞ்சல் எழுதினாள். உங்கள் பக்திக்கு நன்றி என்று பதில் வந்தது. வங்கியில் சொல்லி அட்டையை மாற்றினாள். புதிய அட்டை எண்ணும் எப்படியோ அவர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. நோயாளிகளை அழைத்து, “பல்லைப் பார்த்து ஆறு மாசம் ஆச்சு, எப்ப வரீங்க?” என்று இனிமையாகக் கேட்பவள். அதே இனிமையோடு மறுமுனையில் யாரோ அவளிடம், “ஒரு மாசம் மட்டும் தள்ளி வச்சுக்கலாமே மேடம்?” என்று கேட்டபோது, இந்தக் குரலுக்குப் பின்னால் காதே கிடையாது என்பது அவளுக்குப் புரிந்தது.

பெட்டி வரும் நாளில் வாட்ஸ்அப்பில் அர்ச்சனை வீடியோவும் வரும். இளம் குருக்கள் ஒருவர், ஒரு கையிலிருக்கும் போனைப் பார்த்துப் பெயர்களைப் படித்துக்கொண்டே போவார். ஜ்யேஷ்டா நட்சத்திரே, விருச்சிக ராசௌ, லோகன் நாமதேயஸ்ய… அதை அழித்துவிடத்தான் ஒவ்வொரு முறையும் திறப்பாள். ஒரு தடவை கேட்டுவிட்டு அழிக்கலாம் என்று நினைப்பாள். வேறெங்கும் அவர் பெயர் இப்போது தனியாக வருவதில்லை. வங்கியில், சேமநிதி அலுவலகத்தில், அவர் வேலை பார்த்த லோரி கம்பெனியில், எல்லா இடத்திலும் பெயருக்கு முன்னால் ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. குருக்கள் மட்டும், உயிரோடு இருக்கும் ஓர் ஆளைச் சொல்வதுபோல, அவசர அவசரமாகச் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்.

“சாவுத் துடக்கு வீடுலா இது,” என்றாள் தங்கமணி. “வருஷம் திரும்புற வரைக்கும் நாமளே கோயில் படி மிதிக்கல. தீபாவளிக்கு ஒரு வெளக்கு வைக்கல. செத்தவனுக்கு ஆயுசு கேட்டு மாசாமாசம் அர்ச்சனையா? சாமி என்ன நெனைக்கும்?”

“நிறுத்தத்தான் பார்த்தேன் அண்ணி. முடியல.”

“கொண்டா நம்பர.”

தங்கமணி தன் போனிலேயே அழைத்தாள். தமிழுக்கு ஒன்று, மலாய்க்கு இரண்டு என்று ஒரு குரல் சொன்னது. நாதஸ்வரம் வாசித்தது. மறுபடி ஒன்று, இரண்டு. “அடேய், மனுசன் யாராச்சும் இருக்கீங்களாடா?” என்று தங்கமணி நாதஸ்வரத்தைத் திட்டினாள். மூன்று தடவை அறுந்தது. நாலாம் தடவை ஒரு பெண் குரல் வந்ததும் தங்கமணி ஒலிபெருக்கியைப் போட்டுப் போனை மேசை நடுவில் வைத்தாள்.

“வணக்கம், ரிஸ்வானா பேசறேன். உங்களுக்கு எப்படி உதவலாம்?”

“ரிஸ்வானாவா? நம்ம கோயிலுக்கா?”

“வேலைதான் ஆன்டி. போன வருஷம் தண்ணி ஃபில்டர் கம்பெனில இருந்தேன்,” என்றாள் அந்தப் பெண், சின்னச் சிரிப்போடு.

தங்கமணி படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினாள். அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு விசைப்பலகை தட்டும் ஓசை. அவள் பேசியபோது குரலிலிருந்த விற்பனைத் தொனி போயிருந்தது.

“ரொம்ப சாரி ஆன்டி. இத நான் இப்பவே நிறுத்திடலாம். ஆனா திட்டம் மாதவி அக்கா பேர்ல இருக்கு. அவங்க வாயால சொல்லணும். போன மாசமே கேட்டிருக்காங்க போல… லைன் கட் ஆயிடுச்சுன்னு போட்டிருக்கு.”

தங்கமணி மாதவியைப் பார்த்தாள். மாதவி குங்குமப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லைன் கட்டாகிவிட்டது என்றுதான் அவளும் தன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். லைனைத் துண்டித்தது தன் விரல்தான் என்பது இந்த நிமிடம் வரை நினைவுக்கு வந்ததில்லை.

“அக்கா, இருக்கீங்களா? ரெக்கார்ட் ஆகுது. பெருசா ஒண்ணுமில்ல. ‘என் கணவர் லோகன் இறந்துட்டார், இந்த அர்ச்சனைய நிறுத்துங்க’ன்னு நீங்க ஒரு தடவ சொன்னா போதும். அடுத்த மாசத்துல இருந்து எதுவும் வராது.”

ஒரு வருஷமாக எத்தனையோ மேசைகளில் இறப்புச் சான்றிதழின் நகலை நீட்டியிருக்கிறாள். நீட்டினால் போதும், அவர்களே படித்துக்கொள்வார்கள். படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவள் வேலை பார்க்கும் கிளினிக்கில் டாக்டர்தான் எல்லோரிடமும் சொன்னார். சொந்தக்காரர்களுக்குத் தங்கமணி. அந்த வாக்கியத்தை அவள் வாய் இன்னும் சொன்னதே இல்லை.

“சொல்லும்மா,” என்றாள் தங்கமணி. எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தாள். அன்று பதினாறாம் நாளில் இவள் நெற்றிக் குங்குமத்தை அழித்த கை. “எனக்கு மட்டும் கல்லு மனசாலா? தூக்கி வளத்த புள்ள. ஆனா மாசாமாசம் பேரும் நட்சத்திரமும் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா அவன் எப்படிப் போவான்? உள்ளயும் வர முடியாம அங்கயும் போக முடியாம வாசல்லயே நிப்பான்லா. ஞாயித்துக்கெழம திதி குடுக்கறதுக்குள்ள முடிச்சுரும்மா. அவன் போகட்டும்.”

மாதவி தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள்.

போர்ட் கிள்ளானிலிருந்து கண்டெய்னர் லோரி ஓட்டிவிட்டு வரும் ஒவ்வொரு நாளும் லோகன் அந்தக் கிரில்லுக்கு வெளியேதான் நிற்பார். துறைமுகத்துத் தூசியோடு உள்ளே காலை வைக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, “மாது, துண்டு,” என்பார். அவள் அடுப்படியில் கைவேலையாக இருந்தால், “நில்லுங்க, வரேன்,” என்று கத்துவாள். அவரும் நிற்பார். முனகாமல், எவ்வளவு நேரமானாலும், சுவரில் சாய்ந்துகொண்டு நிற்பார்.

தங்கமணி சொன்னதில் பொய் இருப்பதாக மாதவிக்குத் தோன்றவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நிற்கக்கூடிய மனிதர்தான் அவர்.

“அக்கா?” என்றது போன். “கேக்குதா? உங்களால முடியும்னா சொல்லுங்க. நான் காத்திருக்கேன்.”

நல்ல பெண். இந்தக் குரலுக்குக் காது இருந்தது. இவளைப் போல ஒருத்தி முதல் மாதமே எடுத்துப் பேசியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்போமோ என்று மாதவி யோசித்தாள். பிரித்த பெட்டியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தாள். வளையலை வைத்தாள். கயிற்றைச் சுற்றி வைத்தாள். குங்குமம் சிந்தாமல் பொட்டலத்தின் வாயை மடித்து, அட்டையின்மேல் வைத்து மூடினாள்.

“மாதவி,” என்றாள் தங்கமணி, கெஞ்சலாக.

மாதவி தோள்மேல் இருந்த அந்தக் கையை ஒரு முறை பற்றிக்கொண்டாள். பிறகு போனை நோக்கிக் குனிந்தாள்.

“இல்லம்மா,” என்றாள். “நான் சொல்லல.”