காணாமல் போன கெம்பு

தொம்மலூர் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது வீட்டுக்காரம்மா ஷோபா அக்காவிடமிருந்து போன் வந்தது.

"பிரபா, கெம்பு காணோம்மா. எல்லா எடத்துலயும் தேடிட்டேன்." அழுதுவிடுவார் போலிருந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் தம்பி நிச்சயதார்த்தத்துக்குப் போட்டுக்கொள்ள அக்கா தந்த கெம்புத் தோடு அது, அவர் அம்மா போட்டிருந்தது. காலையில் திருப்பிக் கொடுக்கப் போனபோது அக்கா குளித்துக்கொண்டிருந்ததால் டப்பாவை அவர் ஜன்னலில் வைத்துவிட்டு வந்திருந்தேன். கையில் கொடுத்துவிட்டு வந்தால் பஸ் என்ன பறந்தா போய்விடும்? குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இனி என்னை யார் நம்புவார்கள்? வந்து நின்ற பஸ்ஸை விட்டுவிட்டு, ஓடாத அந்தக் காலோடுதான் ஓடினேன்.

அக்கா கொல்லையில் துணி துவைக்கும் கல்லருகே குனிந்து நின்றிருந்தார். "ஏம்மா மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"ஜன்னல்லதான்க்கா வெச்சேன்."

"ஜன்னலுக்கு அது எதுக்கு வருது? எப்பவும் இந்தக் கல்லு மேலதான். வெயில் ஏறுனா தண்டால் எடுக்கும்."

"தோடு தண்டால் எடுக்குமா?"

"எந்தத் தோடு? ஓணான்மா! செக்கச்செவேல்னு இருக்கும். கன்னடத்துல செவப்புன்னா கெம்புதான?"

"அப்ப தோடு?"

"அத அப்பவே பீரோல வெச்சுட்டேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது. விஷயத்தைக் கேட்ட அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. "காக்கா கொத்த வந்துச்சு. அப்புறம் ஆளே இல்ல. நான் பேசறத இந்த வீட்டுல தலையாட்டிக் கேக்கறது அவன் ஒருத்தன்தான்."

கல்லுக்கடியில் மண் நிறத்தில் ஒன்று பதுங்கியிருந்தது. "இதா பாருங்க."

"சே, அது பொட்டை. ஆணுதான் செவக்கும்."

"பொட்டை இவ்ளோ பெருசாவா இருக்கும்?"

"சும்னே இரு, பேசாத. பாக்கலாம்."

கம்பியிலிருந்த காக்கை பறந்து போனது. கொஞ்ச நேரம் கழித்து அந்த ஓணான் மெல்லக் கல் மீது ஏறியது. வயிறு கல்லில் ஒட்ட, வெயிலில் அசையாமல் கிடந்தது. முதலில் பிடரியில்தான் லேசாகச் சிவப்பு தட்டியது. பிறகு அது முதுகெல்லாம் பரவ, விலாவும் காலும் கறுத்துக்கொண்டு வந்தன. பயத்தில்தான் நிறத்தை விட்டிருக்கிறான்.

"வந்துட்டியாடா?" என்றார் அக்கா.

கெம்பு முன்னங்காலை ஊன்றி எழுந்து, தலையை ஆட்டினான்.