ஸ்டூல் உயரம்

"என் ஸ்டூல எடுத்தாடி" என்று பூமாரி மூன்றாவது தடவையாகச் சொன்னாள். மகள் ஜோதிகா அடுப்படி, கட்டிலடி, பின்கட்டு எல்லாம் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றாள்.

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் விஜயபாண்டி படுத்திருந்தார். சுற்றிலும் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கட்டினவள் தலைமாட்டில் உட்கார வேண்டும். பூமாரியால் முடியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து அவளுக்கு வலது முழங்கால் சரியாக மடங்காது. தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ரெண்டு ஆள் வேண்டும். யாரோ போட்ட பிளாஸ்டிக் நாற்காலியும் தாழ்வுதான், உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். அதனால் காலையிலிருந்து பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தாள்.

அந்த ஸ்டூல் அவர் செய்யவைத்துத் தந்தது. ஆசாரியிடம் அவளை நேரில் கூட்டிப்போய், உட்காரவைத்து, எழுப்பி, மறுபடி உட்காரவைத்து, ஸ்டூலின் காலை ரெண்டு தடவை அறுத்துச் சரிபார்த்து வாங்கியது. அதிலிருந்து மட்டும்தான் அவள் எதையும் பிடிக்காமல் எழுந்திருப்பாள். நேற்று மதியம் வெண்டைக்காய் நறுக்கப் போனபோதே அதைக் காணவில்லை. பக்கத்து வீட்டுக்காரி எடுத்துப் போயிருப்பாள் என்று திட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் தேனி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

"புருசன் பொட்டியில கெடக்கான், இவ ஸ்டூலு ஸ்டூலுங்கிறா" என்றாள் அவருடைய அக்கா மாயக்காள். ஆத்திரமாகச் சொல்லவில்லை. அழுது அழுது அவளுக்கும் குரல் கம்மியிருந்தது.

பூமாரியின் மனசு ஸ்டூலில் இல்லை என்பதை அந்தக் கூட்டத்தில் யாரிடம் போய்ச் சொல்வது?

நேற்றுக் காலை எட்டு மணிக்கு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "கெளம்பு. கிறிஸ்டோபர் கடையில ஒரு வண்டி வந்திருக்காம். ஒசரமான வண்டி" என்றார். இட்லிச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்த பூமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது பன்னிரண்டாவது வண்டி. அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் கம்பத்துக்கும் மதுரைக்கும் ஓட்டிய மனுஷன், ஓய்வு பெற்ற மறு மாசமே பழைய கார் ஒன்று வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் மாரிசெல்வம், புதுசாகவே எடுக்கலாம், தவணையைத் தான் கட்டுவதாகச் சொல்லிப் பார்த்தான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "செவ்வாக்கெழம செவ்வாக்கெழம இவ காலுக்குத் தேனி. மாசம் ஒருக்கா மகளப் பாக்கப் பொட்டிப்புரம். மத்த நாளெல்லாம் நிக்கப் போற வண்டிக்கு எதுக்குடா தவணை? பெட்ரோல் குடிக்காம, பழுது வைக்காம, ஒரே ஆளு கையில ஓடுன பழசு ஒண்ணு போதும்" என்றார். டீசல் வேண்டாம், இந்த ஓட்டத்துக்கு அது கட்டாது. கேஸ் வண்டி வேண்டாம், அந்த வாடை பூமாரியின் குடலைப் பிரட்டும். இவ்வளவு தெளிவாகப் பேசிய மனுஷன் எட்டு மாசமாக ஒரு வண்டியையும் முடிக்கவில்லை. ஒவ்வொன்றையும் பார்க்க அவளையும் இழுத்துக்கொண்டு போனார்.

போகிற இடத்தில் இன்ஜினைப் பார்க்க வேண்டியதுதானே? கதவைத் திறந்து, "ஏறு" என்பார். ஏறுவாள். "எறங்கு" என்பார். இறங்குவாள். "இன்னொரு தடவ" என்பார். மெக்கானிக், புரோக்கர், டீக்கடைக்கு வந்தவன் எல்லாரும் கைகட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். போடியில் ஒரு வண்டியிலிருந்து எழ முடியாமல் அவள் கதவைப் பிடித்துத் தொங்கியபோது ஒருத்தன் சிரித்தே விட்டான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவில்லை.

நேற்று அதையெல்லாம் சேர்த்துக் கொட்டிவிட்டாள்.

"நாலு பேரு முன்னாடி ஏறி எறங்கிக் காட்ட நான் என்ன சந்தை மாடா? ஒங்களுக்கு வண்டி வாங்கவா பிரியம்? என்னைய நொண்டின்னு ஊருக்குக் காட்டத்தான் பிரியம். இனிமே செத்தாலும் ஒங்க வண்டிக்கு நான் வரமாட்டேன்."

அவர் பின்கட்டுப் பக்கம் போய் வந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். வாசற்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. போயிட்டு வர்றேன் என்று அவர் சொல்லவில்லை, பார்த்துப் போங்க என்று இவளும் சொல்லவில்லை. பதினோரு மணிக்கெல்லாம் ஆள் இல்லை.

அந்தச் சொல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டேதான் போனாரா? இது ஒன்று தெரிந்தால் போதும் பூமாரிக்கு. ராத்திரி முழுக்கப் பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்துவிட்டாள். அந்த முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

வாசலில் சத்தம் கேட்டது. மகனின் குரல்தான் ஓங்கியிருந்தது.

"ஒங்களுக்கு அறிவிருக்கா அண்ணே? எங்கப்பா உசுரு போன வண்டிய இங்கனயே கொண்டாந்து நிப்பாட்டுறீக? இப்பக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் போகணும். முதல்ல வண்டிய எடுங்க."

"எடுத்துர்றேன் தம்பி. ஐயா சாமானக் குடுத்துட்டு, முகத்த ஒருக்காப் பாத்துட்டு எடுத்துர்றேன். பைக்குல கொண்டார முடியல."

பூமாரி பெட்டியை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "ஏத்தா, நீ எங்க போற? நீ வாசலுக்குப் போகக்கூடாது" என்று மாயக்காள் சேலையைப் பிடித்தாள். பூமாரி அதை உருவிக்கொண்டு படியிறங்கினாள்.

பந்தலுக்கு வெளியே வெள்ளை நிற வேகன் ஆர் ஒன்று நின்றது. பழசுதான். பம்பரில் ஒரு கீறல் இருந்தது. பக்கத்தில் கிறிஸ்டோபர் நின்றான். தேனியில் பழைய கார் வாங்கி விற்கிறவன், நாற்பது வயசிருக்கும். அவளைப் பார்த்ததும் கையில் இருந்த பையை நீட்டினான். உள்ளே அவருடைய மூக்குக் கண்ணாடியும் செருப்பும் இருந்தன. பிறகு பின் கதவைத் திறந்து, சீட்டில் இருந்த ஸ்டூலை இறக்கிக் கீழே வைத்தான்.

பூமாரி அதன் மேல் கையை வைத்தாள்.

"இது எப்பிடி ஒங்ககிட்ட வந்துச்சு?"

"ஐயா கொண்டாந்தாரும்மா. பஸ்ஸுல, மடியில வச்சு. கடைக்குள்ள நொழஞ்சதும் பசங்க சிரிச்சாங்ஙே. அவரு சட்டை பண்ணல. நேரா இந்த வண்டிகிட்ட வந்தாரு, முன் கதவத் தொறந்தாரு, சீட்டு பக்கத்துல ஸ்டூலப் போட்டாரு. குனிஞ்சு பாத்தாரு. கைய ரெண்டுக்கும் மேல வச்சுத் தடவிப் பாத்தாரு, ஒரே மட்டம். 'கொண்டாந்துட்டியேடா'ன்னு என் முதுகுல தட்டுனாரு."

மாரிசெல்வம் ஏதோ சொல்ல வந்தான். பூமாரி கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"பெறகு?"

"ஓட்டிப் பாருங்க ஐயான்னு சாவியக் குடுத்தேன். வாங்கல. எந்த வண்டியிலயும் அவரு ஓட்டுற சீட்டுல உக்காந்ததில்லம்மா. 'ஓட்டத் தெரியும்டா. பக்கத்துல உக்காரத்தான் எனக்குத் தெரியாது, நீ ஓட்டு'ன்னாரு. வீரபாண்டி வரைக்கும் போயிட்டுத் திரும்புனோம். போகையில பேசிக்கிட்டே வந்தாரு. ரிட்டயர் ஆன பெறகு ஒங்களோட மொத மொத பஸ்ஸுல போனாராம். படியில கைய ஊனி ஊனி நீங்க ஏறுனீகளாம். டிரைவரு ஆரன் அடிச்சானாம். 'அவன எப்பிடிடா திட்டுவேன்? முப்பத்தொரு வருசம் அந்தக் கண்ணாடில பொம்பளைக ஏறுறதப் பாத்துக்கிட்டே ஆரன் அடிச்சவன்டா நானு'ன்னாரு."

இதை அவர் அவளிடம் சொன்னதே இல்லை. அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி பேசாமல் வந்தார். தன்னோடு வருவதற்கு வெட்கப்படுகிறார் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"திரும்பி வர்றப்ப கண்ணாடிய எறக்கிவிட்டுட்டு, கண்ண மூடிச் சாஞ்சுக்கிட்டாரு. 'அவளுக்குக் கார்ல போனா வாந்தி வரும். இதுல பெரட்டுதான்னு பாக்குறேன், பேச்சுக் குடுக்காத'ன்னாரு. நானும் பேசல. பழனிசெட்டிபட்டி வேகத்தடையில வண்டி குதிச்சது. எப்பிடி ஐயான்னு கேட்டேன். பதில் இல்ல." அவன் அழ ஆரம்பித்தான். "பாத்துக்கிட்டுதான் இருக்காருன்னு நெனச்சேம்மா. இன்னும் கொஞ்ச தூரம் சும்மா ஓட்டிட்டேன். அப்பவே ஆஸ்பத்திரிக்கு விட்டிருந்தா..."

மாரிசெல்வம் தலையைக் குனிந்துகொண்டான். பந்தலில் பறையடிக்கிறவர்கள் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

பூமாரி கேட்டுவிட்டாள். "என் மேல கோவமா இருந்தாகளா?"

கிறிஸ்டோபர் முகத்தைத் துடைத்தான். யோசித்துப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாதவன் போலிருக்கிறது.

"கோவமான்னு தெரியலம்மா. அம்மா வரலையான்னு கேட்டதுக்கு மொதல்ல ஒண்ணும் சொல்லல. பெறகு டீ குடிக்கையில, 'இன்னைக்கு அவ வரலைன்னது நியாயந்தான். நான் எதுக்கு ஏறச் சொல்றேன்னு ஒரு நாளும் அவகிட்டச் சொல்லல பாரு. நாளைக்கு வருவா'ன்னாரு."

நாளைக்கு என்பது இன்றுதான்.

வந்திருப்பாளா? பூமாரி தன்னையே கேட்டுக்கொண்டாள். மாட்டாள். அவளுடைய வீம்பு அவளுக்குத் தெரியும். ரெண்டு வாரமாவது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்திருப்பாள். அவரும் நாளைக்கு, நாளைக்கு என்று ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அலைந்திருப்பார். பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? ஒரு வார்த்தை கேட்டிருந்தால்தான் இவளுக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

"வண்டிய எடுத்துரவாம்மா?" என்றான் கிறிஸ்டோபர்.

"இருங்க."

அவள் வண்டியைச் சுற்றி இடது பக்கம் வந்தாள். முன் கதவைத் திறந்தாள். கண்ணாடி இறக்கியபடியே இருந்தது. சீட்டில் அவருடைய வேர்வையும் விபூதியும் கலந்த வாடை இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"அம்மா, வேணாம்மா" என்றான் மாரிசெல்வம்.

"ஆத்தாடி, அவளப் பிடிங்களேன்" என்று படியிலிருந்து மாயக்காள் கத்தினாள். பந்தலில் இருந்த ஆண்கள் எழுந்துவிட்டார்கள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. பூமாரி யாரையும் பார்க்கவில்லை.

கால்களை வெளியே வைத்தபடி, பக்கவாட்டில் சீட்டில் உட்கார்ந்தாள். ரெண்டு பாதமும் தெருவில் அழுந்தப் பதிந்தன. முழங்கால் வலிக்கவில்லை. காலையிலிருந்து இப்போதுதான் உட்கார்கிறாள்.

நீர்மாலைக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். மாரிசெல்வம் தூக்கிவிடக் கையை நீட்டினான். கிறிஸ்டோபரும் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டான்.

"விடுங்க" என்றாள் பூமாரி.

எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றாள். பிறகு மறுபடி உட்கார்ந்தாள். இன்னொரு தடவை எழுந்தாள்.