நடு வரிசை

விடிவதற்குள் தொட்டியை நிரப்பியாக வேண்டும். குளிர்ந்த குழாயைப் பிடித்துப் பிடித்து என் விரல்கள் மரத்துப் போயிருந்தன. அண்ணன் செத்த பிறகு மனசும் அப்படித்தான், கிள்ளினாலும் தெரியாது. அண்ணியும் நானும் நாற்றுப்பண்ணையின் பின்னறையில் இருந்தோம். வேலை இருக்கும்வரை அறை. வேலை போனால் தெருதான்.

கூடாரத்துக்குள் குழித்தட்டுகளில் மிளகாய் நாற்று. மூன்று வாரத்துக்கு முன் முதலாளி புது உரம் இறக்கினார். துத்தநாக ஆக்சைடை மாவைவிடப் பல மடங்கு நுணுக்கிய பொடி. நானோ உரம் என்றார். தண்ணீரில் போட்டால் பால்போல வெளுக்கும். ஒரு டிரம் தண்ணீருக்கு ஒரு மூடி என்று டப்பாவில் எழுதியிருந்தது. முதலாளி நான்கு போடச் சொன்னார். உரம் கலக்குகிறவரை நாங்கள் ‘கலக்கல் மாமா’ என்போம், அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்றாலும். அவர்தான் வாய் திறந்தார்.

“அளவுக்கு மிஞ்சினா அமுதமும் நஞ்சுங்க.”

“பழமொழி சொன்னா நாத்து வளராது. போடுய்யா.”

போட்டார். பூவாளியில் மொண்டு நானும் அண்ணியும் ஊற்றினோம். பத்தே நாளில் இலை வெளிறியது. பிடுங்கிப் பார்த்தால் வேர் நீளவே இல்லை. நுனி பழுப்பேறிக் குட்டையாகச் சுருண்டிருந்தது. மாமா தப்பாகக் கலக்கிவிட்டார், இன்றோடு அவர் நின்றுகொள்ளலாம் என்று முதலாளி சொல்லியனுப்பினார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். இருபது வருஷ வேலை. எனக்கு அதற்கும் அழுகை வரவில்லை.

செத்த நாற்றைப் பொறுக்கிக்கொண்டே போனவள் நடுவில் நின்றுவிட்டேன். அந்த ஒரு வரிசை மட்டும் கரும்பச்சையாக இருந்தது. ஒன்றைப் பிடுங்கினேன். வெள்ளை வேர் மண்ணைச் சுற்றிக் கட்டியிருந்தது.

“அண்ணி, இதுக்கு என்ன ஊத்தினீங்க?”

“நான் எங்கடி ஊத்தினேன்? அது உன் வரிசையில்ல?”

எப்போதும் பன்னிரண்டு வரிசைதான். வாசல் பக்கமிருந்து ஆறு எனக்கு, தொட்டிப் பக்கமிருந்து ஆறு அவளுக்கு. உரம் வந்த வாரம் நடுவில் ஒன்றைக் கூடுதலாக வைத்திருக்கிறார்கள். அவள் ஊற்றுவாள் என்று நான் விட்டேன். நான் ஊற்றுவேன் என்று அவள் விட்டாள். வீட்டில் பாத்திரம் கழுவுவதிலும் எங்களுக்கு இதே வழக்கம்தான். எல்லா வரிசைக்கும் மேலே உள்ள குழாய் தண்ணீர் தெளிக்கும். இந்த வரிசைக்கு அது மட்டுமே கிடைத்திருக்கிறது.

அண்ணி என் கையைப் பிடித்தாள். “சொன்னா நம்மள அனுப்பிருவாரு. எங்கடி போறது?”

“சொல்லலன்னா மாமா போயிடுவாரு.”

அவள் என் கையிலிருந்த நாற்றை வாங்கினாள், செத்த ஒன்றையும் எடுத்துக்கொண்டாள். பிறகு என்னை முந்திக்கொண்டு நடந்தாள்.

முதலாளியின் மேசைமேல் இரண்டு நாற்றை வைத்தாள். உரம் ஊற்றியது இது, ஊற்றாதது இது, மாமா மேல் தப்பில்லை என்றாள். அவர் வேரைப் பார்க்கவில்லை. எங்களைத்தான் பார்த்தார். வெளியே வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“மூணு வாரமா வேலை செய்யாம ஏமாத்தியிருக்கீங்க. ரெண்டு பேரும் அறையைக் காலி பண்ணுங்க. மத்தவங்க போய் அந்த வரிசைக்கும் உரத்தை ஊத்துங்க.”

யாரும் பூவாளியைத் தொடவில்லை. மாமா டிரம்மின் மூடியை இறுக்கிப் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். பண்ணையில் வேலை செய்யும் மற்ற ஆறு பேரும் ஒவ்வொருவராக வந்து டிரம்மைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள்.

“வெளியில ஆளா இல்ல? நாளைக்கே கூட்டிட்டு வரேன்.”

“கூட்டிட்டு வாங்க,” என்றார் மாமா. “அவங்களுக்கும் நடு வரிசையைக் காட்டுறோம்.”

அண்ணி போய் அவர்களோடு உட்கார்ந்தாள். கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விட்டாள்.