மெரெரிட் வீட்டுச் சமையலறைத் தரை

கணவர் ஆலனை அடக்கம் செய்த மறுநாள் காலை, மெரெரிட் பிரிச்சர்டின் சமையலறையில் தரை இல்லை. மேசை, நாற்காலிகள், அடுப்பு எல்லாம் முந்தின நாள் இருந்த இடத்திலேயே நின்றன. ஆலனின் தாத்தா காலத்துக் கருங்கல் பலகைகள் மட்டும் போயிருந்தன. கீழே வெகு ஆழத்தில் மூடுபனியும், சில நேரங்களில் ஆளில்லாத ஒரு பள்ளத்தாக்கும் தெரிந்தன. மெரெரிட் கதவருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே கால் வைத்தாள். விழவில்லை. கெட்டிலில் தண்ணீர் ஊற்றி டீ போட்டுக் குடித்தாள். ஆலன் இறந்ததிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை, பசியும் வரவில்லை; இதற்கும் பெரிதாக எதுவும் தோன்றவில்லை.

லான்வரோன் கோட்டை மதிலுக்குள் அடங்கிய சின்ன ஊர் என்பதால் மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பாதிரியார் வாசற்படியிலிருந்தே ஜெபம் செய்துவிட்டுப் போனார். நாலு வீடு தள்ளி இருந்த அக்கா லொவ்ரி கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“ஏண்டி, இதுல எப்படி நிக்கிற?”

“நிக்க முடியுதுக்கா. வேற என்ன பண்ண?”

“வீட்டை வித்துட்டு என்கூட வந்துடு. இல்லைன்னா தரையைப் போடு. அதுவரைக்கும் நான் உள்ள வரமாட்டேன்.”

சொன்னபடியே லொவ்ரி வரவில்லை. மற்றவர்களும் வரவில்லை. மெரெரிட் தனியாகச் சாப்பிட்டாள், சில நாட்கள் சாப்பிடவும் மறந்தாள். கோடை வந்தபோது, அக்காவுக்காகவே தரை போடுகிறவர்களைத் தேட ஆரம்பித்தாள். கம்பளக் கடைக்காரர் ஆணி அடிக்க ஒன்றுமில்லை என்று கையை விரித்தார். பக்கத்து நகரத்திலிருந்து வந்தவர் அளவெடுக்கும் ஒளிக்கருவியைக் கீழே காட்டினார்; போன வெளிச்சம் திரும்பி வரவில்லை. மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கிளம்பினார். பழங்கால வீடுகளைப் பாதுகாக்கும் அதிகாரி, முன்பிருந்த தரையைப் போலவே புதுத்தரையும் இருக்க வேண்டும், முன்பிருந்ததைக் காட்டுங்கள் என்றார்.

கடைசியில் மதிலோரம் தரை போடும் கடை வைத்திருந்த ஹெலெத்தும் அவள் கணவன் இட்வாலும் வந்தார்கள். இட்வால் ஓக் மரப் பலகைகளை ஒன்றோடொன்று கோத்துச் சுவருக்குச் சுவர் பரப்பினான். லொவ்ரி வந்து அதன்மேல் இரண்டு சுற்று ஆடிக்கூடக் காட்டினாள். ஆனால் பலகைகள் நாளுக்கு நாள் வெளுத்து, கண்ணாடிபோல் தெளிந்து, ஒரு காலையில் இல்லாமல் போயின. லொவ்ரியும் வருவதை நிறுத்திவிட்டாள். இட்வால் முகம் சுருங்கத் திரும்பி வந்து கருங்கல் பதித்தான். அதுவும் அப்படியே போனது. மூன்றாம் முறை வந்தபோது ஹெலெத் சாமான்களை வண்டியிலிருந்து இறக்க விடவில்லை.

“மெரெரிட் அக்கா, நிஜமாச் சொல்லுங்க. உங்களுக்குத் தரை வேணுமா?”

மெரெரிட் யோசித்தாள். “லொவ்ரிக்குத்தான் வேணும்.”

“அப்ப அவங்களைக் கூட்டிட்டு வரேன், இருங்க.”

ஹெலெத் போய் லொவ்ரியைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தாள். தான் முதலில் உள்ளே போய், மேசைமுன் உட்கார்ந்து, டீ கேட்டாள். லொவ்ரி வாசலில் நின்று அவளைத் திட்டினாள், இட்வாலைத் திட்டினாள், செத்துப்போன ஆலனையும் விடவில்லை. பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டு ஒரு கால் வைத்தாள். மெரெரிட் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் பள்ளத்தாக்குக்கு மேலே, அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில், அசையாமல் நின்றார்கள்.

“அக்கா,” என்றாள் மெரெரிட், “கால் சில்லுனு இருக்கு.”

“இருக்காதா பின்ன? கீழ இருந்து காத்து இந்த அடி அடிக்குது!” என்றபடி லொவ்ரி அழுதாள். அவளைப் பார்த்து மெரெரிட்டும் கொஞ்சம் அழுதாள்.

இட்வால் வாசற்படியில் ஒரு பித்தளைப் பட்டையை மட்டும் அடித்துக் கொடுத்தான், புதிதாக வருகிறவர்கள் தடுமாறாமல் இருக்க. அந்தக் குளிர்காலத்தில் லொவ்ரி இரண்டு ஜோடி தடித்த கம்பளிக் காலுறை பின்னினாள். அந்தச் சமையலறையில் அவை இல்லாமல் உட்கார முடியாது.