பதினேழாவது கொடி

கங்காணி செல்லசாமி வாழ்நாளில் ஒரே ஒரு வேலையை ஒழுங்காகச் செய்வித்தார். அதுவும் தப்பாகப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் தோட்டத்து நாலாம் நம்பர் மலையில் ஒரு சின்ன பிளேன் விழுந்தது. ஓட்டிப் பழகிக்கொண்டிருந்த ஒரு பையன் மட்டும் அதில் இருந்தான். அந்த இடத்திலேயே முடிந்துபோனான். பொலிஸ்காரர்கள் பிளேனின் பெரிய கூட்டைச் சுற்றிக் கயிறு கட்டிக் காவல் இருந்தார்கள். தேயிலைக்குள் சிதறிக் கிடந்த தகரங்களை யாரும் பொருட்படுத்தவில்லை. திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் செல்லசாமி, தகரம் காலைக் கிழிக்கும், கொழுந்தோடு கலந்து ஃபெக்டரிக்குப் போனால் தனக்குத்தான் ஏச்சு என்று சொல்லி, அவரவர் கொழுந்து பறிக்கிற நிரையில் கிடப்பதை அவரவரே பொறுக்கச் சொன்னார். பெண்கள் பொறுக்கிக் கொண்டுவந்து, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் குவித்தார்கள். அவ்வளவு சுத்தமான வேலையை இந்தத் தோட்டத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் கொழும்பிலிருந்து பேரின்பநாயகம் ஐயா வந்தார். விழுந்த பிளேன்களைப் பார்த்து அவை ஏன் விழுந்தன என்று சொல்வது அவர் உத்தியோகம். யாழ்ப்பாணத்துக்காரர், மெதுவாகப் பேசுவார், அதைவிட மெதுவாக நடப்பார். மடுவத்துக் குவியலைக் கண்டதும் தலையில் கைவைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என்ன உடைந்தது என்பதைவிட எது எங்கே கிடந்தது என்பதுதான் அவருக்கு முக்கியமாம். முதலில் கழன்றது பின்னால் கிடக்கும், கடைசிவரை ஒட்டியிருந்தது முன்னால் கிடக்கும். நாங்கள் அந்தக் கதையை ஒரே கும்பலாகக் கூட்டி வைத்துவிட்டோம்.

பிள்ளைக் காம்பராவில் நான் பார்த்துக்கொள்கிற குழந்தைகளைத் தூங்கப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் போயிருந்த நான்தான் வாயைத் திறந்தேன்.

"ஐயா, ஒவ்வொரு நெரைக்கும் ஒரு ஆளு இருக்குங்க. தகரத்தக் கேக்காதீங்க, ஆளக் கேளுங்க."

கேட்டார். எந்த நிரையில் யார் நின்றார்கள், எத்தனையாவது செடியருகே குனிந்தார்கள் என்பது எங்கள் பெண்களுக்கு மறக்காது. ஒவ்வொருத்தியும் தன் தகரத்தைத் தூக்கிக்கொண்டு தன் நிரைக்குப் போய் நின்றாள். அவர் நம்பர் எழுதிய சிவப்புக் கொடிகளை நட்டுக்கொண்டே போனார். பதினாறு கொடிகள், எல்லாம் நாலாம் நம்பரிலேயே, ஒன்றையொன்று தொட்டுக்கொள்கிற தூரத்தில்.

ஒரு துண்டு மட்டும் குறைந்தது. வாலின் இடப்பக்கத் தகடு. வெள்ளை, ஓரத்தில் நீலக்கோடு.

அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அடுத்த காம்பராவின் தண்ணிப் பீப்பாயைப் பார்ப்பது என் வேலையில்லைதான். ஆனால் பீப்பாய்க்குத் திடீரென்று நீலக்கோடு போட்ட மூடி வந்தால் கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது? பெருமையாக முன்னால் நடந்து ஐயாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

என் காம்பராவுக்கு அடுத்து, எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்தின் கடைசிக் காம்பராவில் ராசம்மா தனியாக இருக்கிறார். புருஷன் போய் ஆறு வருஷம். மகன் சுதாகரன் கொழும்பில் புடவைக்கடையில் வேலை. ஞாயிறு தவறாமல் மூன்று மணிக்கு, பழுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு ராசம்மா சிக்னல் பாறைக்கு ஏறுவார். போன் எடுபடுகிற ஒரே இடம் அதுதான். நாலாம் நம்பரிலிருந்து அரை மைலாவது இருக்கும். ஐந்து மணிக்கு இறங்கி வந்து, மகன் யார் யாரை விசாரித்தது என்று பைப்படியில் ஒப்பிப்பார். செல்லசாமியின் முழங்கால் வலிவரை விசாரிக்கிற மகன். என் மகள் தனுஜா ஹட்டனில் இருந்துகொண்டு, நான் பாறைக்கு ஏறினாலும், போனுக்கு ரீலோட் காசு போடச் சொல்வதற்கு மட்டுந்தான் என்னோடு பேசுவாள். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஐயா தகட்டைத் திருப்பி, முறிந்த இடத்தைப் பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார். பிறகு எனக்கும் காட்டினார். முறிவில் ஒரு பாதி புதுக்காசு மாதிரி மினுங்கியது. மற்றப் பாதி மங்கி, நெருக்க நெருக்கமாய் வரிகள் ஓடிக் கிடந்தது.

"இந்த மங்கல் பக்கம் கனகாலத்துக்கு முன்னமே வெடிப்பு விடத் துவங்கினது. மேலை பெயின்ற் வடிவா இருந்ததாலை ஒருத்தருக்கும் தெரியேல்லை" என்றார். பிறகு ராசம்மாவிடம், "அம்மா, இது எங்கை கிடந்தது?"

"சிக்னல் பாறைக்குக் கீழங்க. கண்ணு முன்னாலதான் விழுந்துச்சு."

ஐயாவின் முகம் விரிந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"போன்ல இவங்க மகனுக்குக்கூட அந்தச் சத்தம் கேட்டுச்சாங்க. என்னம்மா சத்தம்னு பயந்துருச்சாம்."

லயத்துக்கே தெரிந்த விஷயம், ராசம்மா சொன்னதுதான். ஐயா பேனாவை எடுத்து, மகனும் சாட்சி என்றால் மெத்த நல்லது, நம்பரைத் தாருங்கள், கதைத்துப் பார்ப்போம் என்றார்.

ராசம்மா முந்தானையைத் திருகினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, தான் பாறைக்கே போகவில்லை, தகடு நாலாம் நம்பரில் தன் நிரையில்தான் கிடந்தது, வயசாகிவிட்டது, மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றார்.

ஐயா பேனாவை மூடினார்.

"அப்பிடியெண்டால் எல்லாம் ஒரே இடத்திலை. முழுசா வந்து மலையிலை மோதினது, அதிலைதான் இந்தத் தகடும் முறிஞ்சது எண்டுதான் நான் எழுதவேணும். பேப்பர்க்காரர் சொல்லுறதும் அதுதான். பெடியன் தாழப் பதியப் பறந்தவனாம், அவன்ர பிழையாம்." பேனாவைப் பைக்குள் செருகிக்கொண்டே, "அவன்ர தாய்க்காரி நாளுக்கு மூண்டுதரம் எனக்குப் போன் அடிக்கிறா" என்றார்.

"நீங்க எடுக்கிறீங்களா ஐயா?" என்று ராசம்மா கேட்டார்.

"எடுக்காமல்?"

ராசம்மா உள்ளே போனார். அடுப்பில் தேயிலைச் சாயத்தண்ணி பொங்கி வழிந்தது, இறக்கி வைக்கவில்லை. பட்டன் தேய்ந்த பழைய போனைக் கொண்டுவந்து நீட்டினார்.

"பாத்துக்குங்க. மொத மகனுக்கு அடிச்சப்ப மணி போய்க்கிட்டே இருந்துச்சு. அப்பதான் மேல டப்புன்னு ஒரு சத்தம். வெள்ளையா ஒண்ணு சுத்திச் சுத்தி வந்து விழுந்துச்சு. பிளேனு ஆடிக்கிட்டே அங்கிட்டுப் போச்சு, பெறகுதான் பெரிய சத்தம். ஒடனே மறுபடி அடிச்சேன்."

மகன் எடுத்தானா என்று ஐயா கேட்கவில்லை. போனைப் பார்த்தார். அவர் தோளுக்கு மேலால் நானும் பார்த்தேன்; பார்க்காவிட்டால் நான் நானா? மூன்று முப்பத்தெட்டுக்கு ஒன்று, மூன்று நாற்பதுக்கு ஒன்று. கூட்டுக்குள் இருந்த மணிக்கூடு நின்றது மூன்று முப்பத்தொன்பதில் என்று காலையில் சொல்லியிருந்தார். அவர் விரல் தவறி இன்னும் கீழே போனது. முந்தின ஞாயிறு. அதற்கும் முந்தினது. எல்லாம் ஒரே பேருக்கு, எல்லாவற்றிலும் பேசிய நேரம் பூஜ்ஜியம்.

ஐயா போனைக் கவிழ்த்து ராசம்மா கையில் கொடுத்தார். கொப்பியில் இரண்டு நேரங்களை மட்டும் எழுதினார்.

"பாறையிலை நிண்டால்தானே மணி போகும்" என்றார், தனக்குச் சொல்வதுபோல. "இது காணும், அம்மா. வேறை ஒண்டும் வேண்டாம்."

மூன்று பேரும் பாறைக்கு ஏறினோம். ராசம்மா காட்டிய இடத்தில் ஐயா பதினேழாவது கொடியை நட்டார். தகட்டைச் சாக்கில் சுற்றி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

அன்று மாலை பைப்படியில் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். தகட்டைப் பற்றிச் சொன்னேன், மினுக்கம் மங்கல் எல்லாம் சொன்னேன். செல்லசாமி, ராசம்மா மகன் சத்தத்தைக் கேட்டதையும் எழுதிக்கொண்டாரா என்று கேட்டார். எழுதிக்கொண்டார் என்றேன். ராசம்மா குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு, தண்ணீர் நிரம்பி வழிவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை ஐயாவின் ஆட்கள் வந்து கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், நாலாம் நம்பரில் இருந்த பதினாறையும். மழைக்குள் பாறைக்கு ஏறுவதற்கு அவர்களுக்கு மனம் வரவில்லை போலும்.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு ராசம்மாவின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவருடைய பீப்பாய் திறந்தே கிடந்தது. என் சுளகைக் கொண்டுபோய் அதன் மேல் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தேன். மேலே, பாறையோரம் சிவப்பாய் ஒரு புள்ளி ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் பழுப்புச் சால்வை, காதில் கை. மூடுபனி கீழிருந்து ஏறியது. முதலில் பாறை மறைந்தது, பிறகு சால்வை. கொடி மட்டும் கொஞ்சநேரம் தெரிந்தது.